தரிசில் மொய்க்கும் பட்டாம்பூச்சிகள்: பயிருக்கு ஆபத்தா?

கேள்வி: இரண்டு வருடமாக உழாமல் போட்டிருக்கும் நிலத்தில் பட்டாம்பூச்சிகள் ஏராளமாகத் திரிகின்றன. பக்கத்துப் பயிரில் அவ்வளவு இல்லை. ஏன்? இவற்றால் பயிரில் புழு விழுமா?

பதில்: பூக்கள் இருப்பதால் வருகின்றன என்பது பாதிக் காரணம்தான். தேனுக்குப் பல பூக்களைத் தேடிப் போகும் பட்டாம்பூச்சி, முட்டையிட மட்டும் தன் புழு தின்னும் செடியைத்தான் தேடும். அந்தச் செடிகளில் பலவற்றை நாம் களை என்று பிடுங்கிவிடுகிறோம். தரிசில் அவை பிழைத்துக்கொள்கின்றன. எருக்கு இருந்தால் வெந்தய வரியன் வரும். ஆடுதின்னாப்பாளை படர்ந்திருந்தால் சிவப்பு உடலுள்ள கறுப்புப் பட்டாம்பூச்சிகள் வரும்.

எருக்கிலைகளைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு, மஞ்சள், வெள்ளை வளையங்களும் மூன்று ஜோடி கறுப்புக் கொம்புகளும் உள்ள புழு கிடைக்கலாம். இலை நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, அப்புறம்தான் தின்னத் தொடங்கும். கெட்டிக்காரப் புழு! எருக்கின் நஞ்சு உடலில் சேர்வதால் பறவைகளும் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை.

காய்ந்த கிலுகிலுப்பைச் செடியில் பட்டாம்பூச்சிகள் கொத்தாக உட்கார்ந்திருந்தால், அது தேனுக்காக அல்ல. அவை பெரும்பாலும் ஆண்கள். பெண்ணைக் கவரும் வாசனையைத் தயாரிக்க அந்தச் செடியிலுள்ள ஒரு ரசாயனம் அவற்றுக்கு வேண்டும். ஈர மண்ணில் கூடுவது உப்புச் சத்துக்காக.

உழவும் மருந்தும் இல்லாததும் முக்கியம். முட்டை, புழு, கூட்டுப்புழு என்று சில வாரங்கள் கலையாமல் இருந்தால்தான் பட்டாம்பூச்சி வெளியே வரும்.

சரி, பயிருக்கு வருவோம். காய்ப்புழு, படைப்புழு எல்லாம் அந்துப்பூச்சிகளின் குட்டிகள். எருக்குப் புழு உங்கள் நெல்லையோ கடலையையோ தின்னாது. ஆனால் எலுமிச்சை, மாதுளை, முட்டைக்கோஸ் வைத்திருந்தால் கவனம் தேவை. இவற்றைத் தாக்கும் பட்டாம்பூச்சிகளும் உண்டு. அங்கே இலையையும் காயையும் பார்த்துப் புழுவையும் துளை விழுந்த காயையும் அகற்றுங்கள். தரிசை அழிக்க வேண்டாம்.

பார்த்தீனியத்தை மட்டும் பூக்கும் முன் பிடுங்கிவிடுங்கள். மறுபடி உழும்போது முழு நிலத்தையும் ஒரே நாளில் புரட்டாமல், வரப்போரம் ஒரு பட்டையை அப்படியே விடுங்கள். அந்தப் பட்டையில் களைக்கொல்லி படக்கூடாது.