48,000 ஓடிய மலைக் காரா, 1,15,000 ஓடிய பெங்களூர் காரா?

கேள்வி: ஏற்காட்டில் குடியிருக்கிறேன். வேலை சேலம் அஸ்தம்பட்டியில். வாரத்தில் ஆறு நாள் காரில் இறங்கி ஏற வேண்டும். இரண்டு செகண்ட் ஹேண்ட் கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2016 ஹோண்டா சிட்டி பெட்ரோல், மேனுவல், 48,000 கி.மீ. ஏற்காட்டுக்காரர் ஒருவரே வைத்திருந்தது. “ஒரு பைசா செலவு வைக்காத வண்டி” என்கிறார். இன்னொன்று 2017 மாருதி சியாஸ் பெட்ரோல், மேனுவல், 1,15,000 கி.மீ. சேலத்திலிருந்து வாராவாரம் பெங்களூர் போய்வந்தவருடையது. அவர் மாற்றிய பாகங்களின் பட்டியலையே நீட்டுகிறார். இந்தக் கார்களை வைத்திருப்பவர்களிடம் விசாரித்தால் சிலர் புகழ்கிறார்கள், சிலர் திட்டுகிறார்கள். எதை நம்பி வாங்குவது?

பதில்: உங்கள் கேள்வியைப் படித்ததும் கண்ணில் உறுத்தியது அந்த “ஒரு பைசா செலவு வைக்காத வண்டி”தான். ஏற்காட்டு ரோட்டில் ஓடிய காருக்குச் செலவே ஆகவில்லை என்றால், செய்ய வேண்டிய செலவைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வாங்குகிறவர் தலையில்தான் அது விடியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கி.மீ. போகவர 60. 48,000 என்பது 800 தடவை போய்வந்த ஓட்டம். அடிவாரத்துக்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி இறங்கினால் 40. ஆக மொத்தம் 32,000 வளைவுகள். அவர் எல்லா ஓட்டத்தையும் மலையிலேயே ஓட்டியிருக்க மாட்டார், பாதி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 16,000. ஒவ்வொன்றிலும் கிளட்சை மிதித்து, கியரைக் குறைத்து, ஸ்டியரிங்கை ஒடித்து, மறுபடி கிளட்ச்.

பெங்களூர் 200 கி.மீ. போகவர 400. அந்தச் சியாஸின் 1,15,000 என்பது முழுக்க அந்த ரோட்டில் என்றால் 290 தடவைகூட வராது. தொப்பூர் கணவாயைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் ஐந்தாவது கியரில் போட்டது போட்டபடி ஓடுகிற ரோடு. மீட்டரில் பெரிதாகத் தெரிகிற அந்த ஓட்டம் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் சின்ன ஓட்டம்தான்.

நீங்கள் விசாரித்தவர்கள் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவதும் இதனால்தான். ஒரே மாடல் காரை ஒருவர் பைபாஸில் ஓட்டியிருப்பார், இன்னொருவர் சேலம் ஐந்து ரோடு சந்திப்பு நெரிசலில் ஹாஃப் கிளட்சில் ஊர்ந்திருப்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அதனால் “வண்டி எப்படி?” என்று கேட்காதீர்கள். “என்னென்ன மாற்றினீர்கள், எத்தனை கிலோமீட்டரில்?” என்று கேளுங்கள். “80,000-ல் கிளட்ச் செட், இடையில் மூன்று தடவை பிரேக் பேட், முன்பக்க லிங்க் ராட்” என்று அடுக்குகிறவர் பேச்சைப் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தினால் அவர் காரைக் கவனித்து வைத்திருந்தவர்.

ஏற்காட்டுக்காரரிடம் கூடுதலாக ஒரு கேள்வி, பேச்சோடு பேச்சாக: “இறங்கும்போது எந்த கியரில் வருவீங்க?” இரண்டாவது என்றால் நிம்மதி. நியூட்ரல் என்றால் பிரேக்கை இரட்டிப்பு கவனத்தோடு பாருங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரம். ஏற்காடு 1,500 மீட்டர். ஆள்களோடு 1,300 கிலோ எடை வரும் ஒரு கார் இந்த 1,200 மீட்டரை இறங்கினால் வெளியாகும் சக்தி சுமார் 4 யூனிட் மின்சாரம். 2 கிலோவாட் கீசரை இரண்டு மணி நேரம் ஓடவிட்டால் வருகிற சூடு அது. காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். கியரில் இறங்கினால் எஞ்சினும் நல்ல பங்கைத் தாங்கும். நியூட்ரலில் இறங்கினால் மீதி அத்தனையும் பிரேக்கின் தலையில். பெட்ரோல் மிச்சமாகும் என்று நினைத்துத்தான் நியூட்ரல் போடுகிறார்கள். ஆனால் ஃப்யூல் இன்ஜெக்ஷன் கார், ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு கியரில் இறங்கும்போது பெட்ரோல் பாய்வதையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கும். இதை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், அப்படியும் நியூட்ரலில் இறங்குவதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது.

கார் நன்றாக ஆறிய பிறகு முன்சக்கரத்தின் இடைவெளியில் விரலை விட்டு டிஸ்க்கின் ஓரத்தைத் தடவுங்கள். விளிம்பில் வரப்பு மாதிரி எழும்பி நகத்தைத் தடுத்தால் டிஸ்க் தேய்ந்திருக்கிறது. நீலம் பாய்ந்திருந்தால் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று பில்லில் பாருங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழ் சேரும், பெடல் பொத்தென்று தரைக்குப் போகும். மலையில் ஓடுகிற காருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும்.

கிளட்சைப் பார்க்க அடிவாரம் தாண்டிய ஏற்றமே போதும். மூன்றாவது கியரில் 30 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். எஞ்சின் சுற்றைக் காட்டும் ஆர்.பி.எம். முள் மட்டும் சரசரவென்று ஏறி, கார் அதற்கு ஈடாக வேகமெடுக்கவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. அப்புறம் ஒரு காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். முன்சக்கரத்தில் டக் டக் என்று சத்தம் கேட்டால் ஆக்சில் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை (ஆக்சில் பூட்) கிழிந்து, கிரீஸ் போய், மண் புகுந்திருக்கும். மலைக் காரில் இது சகஜம்.

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் விஷயத்தில் சிட்டி வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த 2014 தலைமுறை சிட்டியில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, மிஞ்சிவிட்டால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். ஏற்காட்டு உயரத்தில் வெறும் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூலன்டும் நல்ல மூடியின் அழுத்தமும்தான் காப்பாற்றுகிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டேங்கைப் பாருங்கள். செம்மண் தண்ணீர் மாதிரி இருந்தால் யாரோ குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் வைத்திருக்கிற மெக்கானிக்கைக் கூட்டிப் போனால், ஏசி போட்டு 20 வளைவும் ஏறும்போது சூடு எத்தனை டிகிரி என்று திரையில் தெரியும். அதே ஸ்கேனரில் ‘ரெடினெஸ்’ என்ற பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகளில் பல ‘இன்னும் முடியவில்லை’ என்று காட்டினால், சமீபத்தில் பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள், அல்லது பழுதுக் குறியீட்டை அழித்திருக்கிறார்கள்.

மலைப் பனியில் நின்ற காருக்குக் கால்மிதியைத் தூக்கிக் கார்பெட்டை அழுத்திப் பாருங்கள். ஈரமோ பூஞ்சை வாடையோ இருந்தால் எங்கோ கசிவு. எலி கடித்த வயர் இருக்கிறதா என்று பானெட்டுக்குள்ளும் ஒரு பார்வை.

இனி என் அபிப்பிராயம். எஞ்சின் என்று பார்த்தால் இரண்டும் நம்பகமானவை. இரண்டிலும் டைமிங் செயின்தான், பெல்ட் மாற்றும் செலவு கிடையாது. ஏற்றத்தில் சிட்டி சுகமாக ஏறும். அதன் 1.5 லிட்டர் எஞ்சினுக்கு 117 குதிரைத்திறன், சியாஸின் 1.4-க்கு 91. நாலு பேரும் ஏசியுமாக ஏறினால் சியாஸை இரண்டாவது கியரிலேயே நிறையப் பிடித்து வைக்க வேண்டிவரும். இருந்தாலும் விலை கிட்டத்தட்ட ஒன்று என்றால், பில்லும் சர்வீஸ் பதிவும் முழுதாக இருக்கிற சியாஸைத்தான் நான் எடுப்பேன். கிளட்ச் இன்னும் மாற்றவில்லை என்றால் மட்டும் அந்தத் தொகையைக் கழித்துப் பேசுங்கள். சிட்டிதான் மனசுக்குப் பிடித்திருக்கிறது என்றால் தாராளமாக எடுங்கள். ஆனால் கிளட்ச் செட், முன் டிஸ்க், பேட், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாவற்றுக்கும் எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி, அதை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். 48,000-தானா என்பதை சர்வீஸ் பதிவிலும் டயரிலும் சரிபாருங்கள். டயர் ஓரத்தில் 3219 என்று இருந்தால் 2019-ம் வருஷம் 32-வது வாரம் செய்தது.

காகிதம்: பரிவாஹன் என்ற அரசு இணையதளத்தில் கடன் பாக்கி, அபராதம் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் இருந்து முடிந்திருந்தால் 35. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். அந்தப் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காததற்குத் தரும் தள்ளுபடி) பூஜ்யமாக இருந்து, “அடியே படாத வண்டி” என்று அவர் சொன்னால், போன வருஷம் எதற்கு கிளெய்ம் வாங்கினார் என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எந்தக் காரை எடுத்தாலும், முதல் நாள் வேலைக்கு இறங்குவதற்கு முன்பே பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றிவிடுங்கள்.