நீக்குவதற்கு முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

400 பேர் கொண்ட வாசகர் வாட்ஸப் குழு ஒன்றை நடத்துகிறேன். நாவலில் தொடங்கும் பேச்சு அரசியலுக்குத் தாவி, குறிப்பிட்ட இருவரின் சண்டையில் முடிகிறது. மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியேறுகிறார்கள். தகாத சொற்களைத் தானாகவே தடுக்கும் கருவி இருக்கிறதா? அல்லது அந்த இருவரையும் நீக்கிவிடலாமா?

ஒரு குழு நிர்வாகி

அன்புள்ள நண்பருக்கு,

கருவிகள் இருக்கின்றன. ஆனால் சொல்வடிகட்டியின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. 1996இல் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் வடிகட்டி, இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப் ஊர்க்காரர்களைக் கணக்குத் தொடங்கவே விடவில்லை. ஊர்ப்பெயருக்குள் ஒரு வசைச்சொல்லின் எழுத்துகள் வரிசையாக அமைந்துவிட்டதுதான் காரணம். இன்றைய வடிகட்டிகள் எவ்வளவோ தேறிவிட்டன. ஆனாலும் மரியாதையான சொற்களைக் கொண்டே ஒருவரைக் கூனிக்குறுக வைப்பவரை அவை என்ன செய்யும்? நிறையப் படிக்கிறவர்களுக்கு இந்தக் கலை கொஞ்சம் கூடுதலாகவே கைவரும்.

உங்கள் குழுவின் சிக்கல் வேகத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இருவர் மாறி மாறிச் செய்திகளைக் கொட்டும்போது, நாவலைப் பற்றி ஒருவர் யோசித்து எழுதியது மேலே போய் மறைந்துவிடுகிறது. குழுவை டெலிகிராம் செயலிக்கு மாற்றினால், அங்கே ‘ஸ்லோ மோட்’ என்றொரு வசதி உண்டு. ஒரு செய்தி அனுப்பியவர் அடுத்ததை அனுப்ப, நிர்வாகி வைத்த கெடு முடியும்வரை காத்திருக்க வேண்டும். சில விநாடி முதல் 1 மணி நேரம் வரை வைக்கலாம். சண்டை மூளும் மாலையில் 15 நிமிடம் வைத்துப் பாருங்கள். யாரையும் கண்டிக்காமலே காரியம் நடக்கும். நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று வாட்ஸப்பில் குழுவை அடைப்பது வேறு. அதில் ஒன்றும் செய்யாதவர்களின் வாயும் சேர்ந்தே அடைபடும்.

இன்னொன்று ‘போலிஸ்’ என்ற திறமூல மென்பொருள். காவல்துறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒருவர் தம் கருத்தைச் சுருக்கமாக எழுதிப் போடுவார். மற்றவர் திரையில் அந்தக் கருத்தும், ஏற்கிறேன், மறுக்கிறேன், தாண்டுகிறேன் என்று மூன்று பொத்தான்களும்தான் இருக்கும். பதில் எழுத இடமே கிடையாது. மறுப்பவர் தம் தரப்பைத் தனிக் கருத்தாக எழுதி வாக்குக்கு விடலாம். ஒத்து வாக்களிப்பவர்களை மென்பொருள் அணிகளாகப் பிரித்துக் காட்டும். எதிரெதிர் அணிகள் இரண்டுமே ஏற்ற கருத்துகளும் தெரியவரும். 2015இல் தைவானில் ஊபரை ஒழுங்குபடுத்துவது பற்றிய பொது விவாதத்தை இதைக் கொண்டு நடத்தினார்கள்.

நாவலைப் பேச இது உதவாது. பதிலுக்குப் பதில் இல்லாமல் என்ன இலக்கியப் பேச்சு! ஆனால் குழுவின் விதிகளை வகுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அரசியல் பேசலாமா, எதற்காக ஒருவரை நீக்கலாம் என்பதையெல்லாம் 400 பேரும் வாக்களித்துச் சொல்லட்டும். இப்போது விதி உங்கள் மனத்தில் மட்டும் இருக்கிறது. நாளை நீக்கினால் அது உங்கள் கோபமாகத்தான் தெரியும்.

நீக்கம் கடைசிப் படியாகவே இருக்கட்டும். மீன்பிடி, பாசனம், மேய்ச்சல் நிலம் ஆகியவற்றைத் தாங்களே நிர்வகித்த சமூகங்களை ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நெடுங்காலம் நிலைத்தவற்றில் தண்டனை படிப்படியாகவே ஏறியதைக் கண்டார். உங்கள் குழுவிலும் முதல் மீறலுக்குத் தனிச்செய்தியில் ஒரு சொல், அடுத்ததற்கு ஒரு வாரம் எழுதத் தடை. டெலிகிராமில் இப்படி ஒருவருக்கு மட்டும் தடை வைக்கவும் முடியும். பிறகும் தொடர்ந்தால் காரணத்தைக் குழுவில் எழுதிவிட்டு நீக்குங்கள். உடனே செய்ய வேண்டியது ஒன்று: உங்களோடு அடிக்கடி முரண்படும் ஒருவரை இரண்டாவது நிர்வாகியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.