ஐந்து பூ கேட்டேன், ஆறு கொடுத்தார்

(இரண்டு இதழ்களுக்கு முன், நான் மருத்துவம் படித்த ஆர்மீனியத் தலைநகர் யெரெவானைப் பற்றி ஒரு பதிலில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். 1915-ல் ஒட்டோமான் துருக்கியில் நடந்த இனப்படுகொலையின் நினைவு நாளான ஏப்ரல் 24-ஐ ஆர்மீனியர்கள் எப்படி அனுசரிக்கிறார்கள் என்று அரைப் பத்தி. சர்க்கரை நோய்க்குக்கூட இத்தனை கடிதங்கள் வந்ததில்லை. ஆகவே இந்த இதழில் மாத்திரை, மருந்துக்கு விடுமுறை.)

கேள்வி: ஏப்ரல் 24 அன்று அங்கே என்னதான் நடக்கும் டாக்டர்? அரசு விழாவா, மக்கள் விழாவா?

விழா என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுவோம். நான் முதல்முறை போனது 2012-ல். வீட்டுக்கார அம்மாவோடு போனேன். அவரை நான் 'டாட்டிக்' என்றுதான் கூப்பிடுவேன்; பாட்டி என்று அர்த்தம். வழியில் பூ விற்கும் பெண்ணிடம் ஐந்து சிவப்புக் கார்னேஷன் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஆறாவது பூ ஒன்றை உருவி வைத்துக் கட்டினார். அதற்குக் காசு வாங்கவில்லை. ஒற்றைப்படைப் பூ உயிரோடு இருப்பவர்களுக்கு, இரட்டைப்படை இறந்தவர்களுக்கு. இது தெரியாமல் நான் பிறந்தநாளுக்குப் போகிறவள் மாதிரி நின்றிருக்கிறேன்.

அப்புறம் நடை. நினைவகம் இருக்கும் குன்றின் பெயர் சிட்சர்னாகாபெர்ட். 'தகைவிலான் குருவியின் கோட்டை' என்று பொருள். காலையில் அதிபர், தலைமைக் குரு எல்லோரும் வந்து போய்விடுவார்கள். அதன்பின் இரவு வரைக்கும் பாதை ஜனங்களுடையது. தள்ளுமுள்ளு கிடையாது. ஒலிபெருக்கியில் கோமிதாஸ் என்ற ஆர்மீனிய இசையறிஞரின் இசை, ஆயிரக்கணக்கான செருப்புச் சத்தம், அவ்வளவுதான். ஒரு பக்கம் 100 மீட்டர் நீளத்துக்குக் கருங்கல் சுவர். படுகொலை நடந்த ஊர்களின் பெயர்களை அதில் வெட்டியிருக்கிறார்கள். 'வான்' என்ற பெயர் ஆர்மீனிய எழுத்தில் மூன்றே எழுத்து. டாட்டிக் அந்த இடம் வந்ததும் வரிசையிலிருந்து விலகி, உள்ளங்கையைச் சுவரில் வைத்து, பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டே நின்றார். அவருடைய அம்மா ஒன்பது வயதில் வானிலிருந்து நடந்தே வந்தவர்.

உள்ளே, சாய்ந்து நிற்கும் 12 கல் பலகைகளுக்கு நடுவில் அணையா விளக்கு. அது தரைமட்டத்துக்குக் கீழே, ஒன்றரை மீட்டர் பள்ளத்தில் எரிகிறது. படி செங்குத்து, காலைப் பார்த்துத்தான் இறங்க முடியும். தலை தானாகக் குனிந்துவிடும். மாலைக்குள் நெருப்பைச் சுற்றிப் பூக்கள் மார்பளவுக்கு மதில் மாதிரி எழும்பிவிடுகின்றன.

முந்தைய இரவு இளைஞர்கள் தீவட்டி ஊர்வலம் போவார்கள். அதில் துருக்கிக் கொடியைக் கொளுத்துவதும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. டாட்டிக்குக்கும் இல்லை. "துணி என்ன செய்தது?" என்பார்.

கேள்வி: கொலைகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன என்கிறார்கள். அப்படியிருக்க ஏன் ஒரே ஒரு தேதி?

1915 ஏப்ரல் 24 இரவு, ஒட்டோமான் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், ஆர்மீனிய எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், மருத்துவர்கள், பாதிரியார்கள் என்று 200 பேருக்கு மேல் வீடு வீடாகப் பிடித்தார்கள். உத்தரவு உள்துறை அமைச்சர் தலாத் பாஷாவுடையது. பெரும்பாலோர் திரும்பவில்லை. குரல் கொடுக்கக்கூடியவர்களை முதலில் அப்புறப்படுத்திவிட்டு, பிறகு கிராமம் கிராமமாக ஜனங்களைக் கிளப்பி சிரியப் பாலைவனத்தை நோக்கி நடக்கவிட்டார்கள். அந்தப் பாலைவனத்தில் இருக்கும் தேர் எஸ்ஸோர் என்ற ஊரின் பெயரை ஆர்மீனியர்கள் இன்றும் தணிந்த குரலில்தான் சொல்கிறார்கள். மாண்டவர்கள் 15 லட்சம் வரை என்பது அவர்கள் சொல்லும் கணக்கு.

அன்று பிடிபட்டவர்களில் ஒருவர்தான் இசையறிஞர் கோமிதாஸ். அவர் விடுவிக்கப்பட்டார், ஆனால் மனம் மீளவில்லை. பாரிஸில் மனநல மருத்துவமனையிலேயே பல ஆண்டுகள் கிடந்து 1935-ல் இறந்தார். குன்றில் ஒலிக்கும் இசை அவருடையது என்று தெரிந்தபின் அந்த நடை எனக்கு வேறு நடையாகிவிட்டது.

ஒன்று சொல்லணும். இந்தத் தேதியை எந்த அரசும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை. 1919-லேயே, அதே கான்ஸ்டான்டிநோபிளில், தப்பியவர்கள் கூடி முதல் நினைவு நாளை நடத்திவிட்டார்கள்.

கேள்வி: நினைவகம் 1967-ல் திறக்கப்பட்டதாகப் படித்தேன். சோவியத் ஆட்சியில் மாஸ்கோ எப்படி இதற்கு ஒத்துக்கொண்டது?

ஒத்துக்கொள்ள வைத்தார்கள். அதுவரை இது அடுக்களைப் பேச்சு. ஜன்னலைச் சாத்திவிட்டுச் சொல்கிற கதை. 1965-ல் ஐம்பதாம் ஆண்டு வந்தது. அரசு, ஓபரா அரங்கத்துக்குள் அடக்கமாக ஒரு கூட்டம் நடத்தி முடித்துவிடலாம் என்று நினைத்தது. வெளியே லட்சம் பேர் அளவுக்குத் திரண்டுவிட்டார்கள். அனுமதி இல்லாமல் அத்தனை பேர் தெருவில் நிற்பது அந்தக் காலச் சோவியத் நாட்டில் கேள்விப்படாத விஷயம். "எங்கள் நிலம், எங்கள் நிலம்" என்று கோஷம். கடைசியில் தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சிக் கலைத்தார்கள்.

டாட்டிக்குக்கு அப்போது 28 வயது. அவர் சொன்னதில் எனக்கு மறக்காதது கோஷம் அல்ல, கோட்டு. புதிதாகத் தைத்த கம்பளிக் கோட்டு நனைந்து சுருங்கிவிட்டதாம். வீட்டுக்கு வந்ததும் அம்மா திட்டுவாள் என்று பயந்துகொண்டே கதவைத் தட்டியிருக்கிறார். அம்மா ஒன்றும் சொல்லாமல் கோட்டை வாங்கிப் பிழிந்து உலர்த்திவிட்டு, அன்று இரவுதான் முதல்முறையாக வானிலிருந்து வந்த கதையை முழுசாகச் சொன்னாராம்.

ஆர்மீனியக் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் செயலாளர் யாகோவ் சரோபியான் மாஸ்கோவிடம் பேசி நினைவகத்துக்கு அனுமதி வாங்கினார். 1966-ல் அவர் பதவி போய்விட்டது. நினைவகம் 1967 நவம்பர் 29 அன்று திறக்கப்பட்டது. அது ஆர்மீனியாவில் சோவியத் ஆட்சி வந்த ஆண்டு நாள். ஆட்சியாளர்களுக்கும் ஒரு சமாதானம் வேண்டியிருந்திருக்கும் இல்லையா?

கேள்வி: இன்னொரு நாடு 'இனப்படுகொலை' என்று சொல்லிவிட்டால் செத்தவர்கள் எழுந்து வரப்போகிறார்களா? ஏன் அந்த ஒரு சொல்லுக்கு இத்தனை மல்லுக்கட்டு?

கோபமான கேள்வி, பரவாயில்லை. அந்தச் சொல் பிறந்த கதையிலேயே ஆர்மீனியர்கள் இருக்கிறார்கள். 1921-ல் பெர்லினில் சொகோமோன் தெஹ்லிரியான் என்ற இளைஞர் தலாத் பாஷாவைச் சுட்டுக் கொன்றார். ஜெர்மன் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இதைப் படித்த ரஃபேல் லெம்கின் என்ற யூத மாணவர், ஒருவனைக் கொன்றவனுக்கு வழக்கு உண்டு, லட்சக்கணக்கில் கொன்றவனுக்கு ஏன் இல்லை என்று பேராசிரியரிடம் கேட்டார். கோழிப் பண்ணைக்காரன் தன் கோழிகளை அறுத்தால் அடுத்தவன் கேட்க முடியுமா என்கிற மாதிரி பதில் வந்தது. லெம்கின் அந்தப் பதிலை விடவேயில்லை. 1944-ல் இனப்படுகொலைக்கான ஆங்கிலச் சொல்லை உருவாக்கினார், 1948-ல் ஐ.நா. உடன்படிக்கை வந்தது.

முதலில் அங்கீகரித்த நாடு உருகுவே, 1965-ல். அமெரிக்க அதிபர் பைடன் ஏப்ரல் 24 அறிக்கையில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது 2021-ல். அன்று நான் ஆர்வமாக டாட்டிக்குக்கு போன் செய்தேன். "கேட்டேன், நல்லது. காபி பொங்குகிறது, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

கேள்வி: நூற்றாண்டின்போது நீங்கள் அங்கே இருந்தீர்களா?

இருந்தேன். எங்கு பார்த்தாலும் ஊதா நிறத்தில் 'மறவாதே' பூச் சின்னம். பஸ் கண்ணாடியில், சட்டைப் பொத்தானில், எங்கள் பேராசிரியரின் வெள்ளைக் கோட்டில். ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது முந்தைய நாள், ஏப்ரல் 23. ஆர்மீனியத் திருச்சபையின் தலைமையிடமான எச்மியாட்சின் பேராலயத்தில், 1915-ல் மாண்டவர்கள் அனைவரையும் புனிதர்களாக அறிவித்தார்கள். சரியாக 19:15 மணிக்கு, 1915 என்ற கணக்கில், ஆலய மணி நூறு முறை அடித்தது. நாங்கள் டிவியில் பார்த்தோம். டாட்டிக் எண்ணிக்கொண்டே இருந்தார். எழுபதுகளில் எங்கேயோ எண்ணிக்கை தப்பிவிட்டது.

திருச்சபை முறைப்படி, புனிதரான பிறகு அவர்களுக்காக ஆன்ம சாந்தி வழிபாடு கிடையாது. நமக்காக அவர்கள் வேண்ட வேண்டும் என்று அவர்களிடம் கேட்கலாம். டாட்டிக்குக்கு இது ஜீரணிக்கக் கொஞ்சம் நேரமானது. வழியில் செத்த பாட்டிக்காக அத்தனை வருடமாக மெழுகுவத்தி ஏற்றியவர். "இனிமேல் அவளுக்கு நான் வேண்டாமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கேள்வி: துருக்கியில் யாருமே பேசுவதில்லையா?

பேசினார்கள், பேசுகிறார்கள். துருக்கியில் வாழ்ந்த ஆர்மீனியரான, 'அகோஸ்' பத்திரிகை ஆசிரியர் ஹிராந்த் திங்க் 2007 ஜனவரி 19 அன்று இஸ்தான்புல்லில் அலுவலக வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வெள்ளைத் துணிக்கு வெளியே தெரிந்த அவர் ஷூவின் அடியில் ஓட்டை இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இறுதி ஊர்வலத்தில் "நாங்கள் எல்லோரும் ஆர்மீனியர்கள்" என்ற அட்டையோடு நடந்த கூட்டத்தில் பெரும்பாலோர் துருக்கியர்கள். 2010 முதல் இஸ்தான்புல்லிலும் ஏப்ரல் 24-ல் பொதுவெளியில் கூடினார்கள். பிற்பாடு தடைகள் வந்தன.

கேள்வி: குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

குன்றுக்குத் தாராளமாக. அருங்காட்சியகத்தின் புகைப்படங்களுக்குப் பத்து வயதுக்குள் வேண்டாம்.

கேள்வி: யெரெவானில் ஒரே ஒரு பொருளைத்தான் பார்க்க முடியும் என்றால்?

மதெனதரான் சுவடி நூலகத்தில் உள்ள 'முஷ் பிரசங்கங்கள்'. 13-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோலில் எழுதிய பிரம்மாண்டமான புத்தகம். எடை 28 கிலோ. 1915-ல் இதைக் கண்டெடுத்த இரண்டு பெண்கள், ஒருத்தியால் தூக்க முடியாது என்று பாதியாகப் பிரித்து ஆளுக்கொன்றாகச் சுமந்தார்கள். ஒருத்தி எச்மியாட்சின் வந்து சேர்ந்தாள். இன்னொருத்தி எர்சுரும் பக்கம் தன் பாதியைப் புதைத்துவிட்டு இறந்தாள். ரஷ்யப் படை அதிகாரி ஒருவர் பிறகு அதைக் கண்டெடுத்தார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றபோது எனக்கு ஞாபகம் வந்தது விமான நிலையம்: என் பெட்டி 23 கிலோவைத் தாண்டிவிட்டதென்று இரண்டு பாடப் புத்தகங்களை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.