4.2 பெற்ற மிக்ஸியா, 4.1 பெற்ற மிக்ஸியா?

கேள்வி: இணையத்தில் 750 வாட் மிக்ஸி வாங்க எண்ணி மூன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன். முதலாவதை மதிப்பிட்ட 200 பேரில் 160 பேர் ஐந்து நட்சத்திரமும் 40 பேர் ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள், சராசரி 4.2. இரண்டாவதற்கும் 200 பேர். அவர்களில் 20 பேர் ஐந்தும் 180 பேர் நான்கும் கொடுத்ததால் சராசரி 4.1. மூன்றாவதற்கு ஐந்தே பேர், சராசரி 4.8. சராசரி அதிகமாக உள்ளதை வாங்குவதுதானே முறை?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: கணக்கை முதலில் சரிபார்த்துவிடுவோம். கூட்டுச் சராசரி என்பது எல்லா மதிப்பெண்களையும் கூட்டி, மதிப்பிட்டவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது. முதல் மிக்ஸிக்கு 160 பேரின் ஐந்துகள் 800, 40 பேரின் ஒன்றுகள் 40, ஆக 840. அதை 200-ஆல் வகுத்தால் 4.2. இரண்டாவதற்கு 100-உம் 720-உம் சேர்ந்து 820, வகுத்தால் 4.1. (ஐந்தையும் ஒன்றையும் கூட்டி இரண்டால் வகுத்து 3 என்பவர்களும் உண்டு, அது தலைகளை எண்ண மறந்த கணக்கு.) எல்லாத் தளங்களும் இப்படி நேராக வகுப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், தான் காட்டும் நட்சத்திரம் எளிய சராசரி அன்று என்று அமேசான் தன் விளக்கத்திலேயே கூறுகிறது.

ஆனால், முதல் மிக்ஸிக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தவர் ஒருவர்கூட இல்லாதபோதும் அதன் சராசரி நான்கைத் தாண்டி நிற்பதைக் கவனியுங்கள். வாங்கிய ஐவரில் நால்வர் மகிழ்ந்திருக்க, ஒருவர் நொந்துபோயிருக்கிறார் என்பதே அங்குள்ள உண்மை. பள்ளிப் பாடத்தில் படித்த இடைநிலை அளவை நாடினாலும் பயனில்லை. மதிப்பெண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது 5 என்பதால், அது அந்த 40 பேரை அடியோடு மறைத்துவிடும். ஆகவே சராசரிக்குக் கீழே, எத்தனை பேர் எத்தனை நட்சத்திரம் கொடுத்தார்கள் என்று காட்டும் பட்டை விவரத்தைப் பார்த்து, ஒற்றை நட்சத்திரக் கருத்துகளைப் பொறுமையாகப் படியுங்கள். மோட்டார் சூடாகி நின்றுவிடுகிறது, ஜார் ஒழுகுகிறது என்பவை மிக்ஸியின் குறைகள். பெட்டி தாமதமாக வந்தது என்பது கொண்டுவந்து கொடுத்தவரின் குறை. ஒரு பேச்சுக்கு, அந்த 40-இல் 30 தாமதத்தைப் பற்றியவை என்றால், அவற்றை நீக்கியபின் 810-ஐ 170-ஆல் வகுக்க, சராசரி ஏறத்தாழ 4.76 ஆகிவிடும்.

மூன்றாவதன் 4.8 பார்க்க அழகாக இருந்தாலும், ஆறாவதாக ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தால் 25-ஐ ஆறால் வகுத்து 4.17-க்கு இறங்கிவிடும், அதே ஒற்றை நட்சத்திரம் இரண்டாவது மிக்ஸியை 4.1-இலிருந்து 4.08-க்குத்தான் இறக்கும். ஐந்து பேரும் விற்பவருக்கு வேண்டியவர்களாக இருக்கவும் கூடும். இணையக் கருத்துகளுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டபோதும், விருப்பத்தின்பேரில் பின்பற்றும் ஒன்றாகவே அது கொண்டுவரப்பட்டது என்பதால், அதையே காவலாக நம்பிவிட முடியாது.

முதல் மிக்ஸியின் 40 குறைகளும் மோட்டாரையும் ஜாரையும் பற்றியவையாக இருந்தால், 4.1 பெற்றதையே வாங்குங்கள். பெரும்பாலும் தாமதத்தைப் பற்றியவை என்றால் முதலாவதை வாங்கலாம். மூன்றாவதற்கு இன்னும் நூறு பேராவது மதிப்பிடட்டும்.