வீட்டில் கணப்பு அடுப்பு அமைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பாதுகாப்பாகவும் விறகு வீணாகாமலும் வீட்டில் கணப்பு அடுப்பு, அதாவது குளிருக்கு அறையைச் சூடாக்கும் விறகடுப்பு, அமைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். முன்பக்கம் திறந்திருக்கும் பழைய வகை பார்வைக்கு அழகாக இருந்தாலும், விறகின் வெப்பத்தில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காட்டையே அறைக்குத் தருகிறது. மீதி புகைபோக்கி வழியே வெளியேறுவதோடு, அறையில் ஏற்கெனவே சூடாக இருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. வெப்பம் தாங்கும் கண்ணாடிக் கதவுள்ள மூடிய அடுப்பில் காற்று வரத்தைக் கட்டுப்படுத்த முடிவதால், நல்ல தயாரிப்புகளில் 70 விழுக்காட்டுக்கு மேல் பயன் கிடைக்கும்.

ஆனால் அடுப்பைவிடப் புகைபோக்கிதான் முக்கியம் என்பேன். ஈர விறகை எரித்தாலோ, காற்றை மிகவும் குறைத்து மந்தமாகப் புகையவிட்டாலோ, புகையிலுள்ள தார் குளிர்ந்த உட்சுவரில் படிந்து, நாளடைவில் கறுத்துப் பளபளக்கும் கெட்டிப் பூச்சாக மாறும். அது தீப்பற்றினால் வீட்டுக்கே ஆபத்து. ஆகவே புகைபோக்கிக்குள் தகுந்த உட்குழாய் பொருத்தி, ஆண்டுக்கு ஒரு முறையேனும் துப்புரவு செய்து, ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் குறைவான விறகையே பயன்படுத்துங்கள். இரண்டு கட்டைகளைத் தட்டிப் பார்த்தால், காய்ந்தவை கணீரென்று ஒலிக்கும். ஈரமானவை மொத்தென்று கேட்கும்.

அடுப்பின் முன்தரை கல்லாக இருக்கட்டும். இறுக்கமாக அடைக்கப்பட்ட வீடுகளில் வெளிக்காற்று வரத் தனி வழி வேண்டும்; இல்லையேல் புகை உள்ளே திரும்பக்கூடும். விறகு எரியும்போது உண்டாகும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது என்பதால், அதை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவியைப் பொருத்தாமல் முதல் தீயை மூட்டாதீர்கள்.