சிடி பிளேயரா, கணினியா? முதலில் சிடிகளைக் காப்பாற்றுங்கள்

கேள்வி: குளச்சலில் இருக்கிறேன். கர்நாடகக் கச்சேரி, பழைய சினிமாப் பாட்டு, கோயில் கொடை விழாவில் பதிவு செய்த வில்லுப்பாட்டு என்று சுமார் 300 சிடி வைத்திருக்கிறேன். பிளேயர் இப்போது அடிக்கடி திக்குகிறது. ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் நன்றாகவே இருக்கின்றன. புது சிடி பிளேயர் வாங்குவதா, எல்லாவற்றையும் ஃபிளாக் கோப்பாக மாற்றி லேப்டாப்பில் கேட்பதா? தரம் குறைந்துவிடாதா?

பதில்: குறையாது. புது பிளேயர் வாங்க வேண்டாம். சிடிகளைக் கணினியில் ஏற்றும் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள். அவசரப்படுத்தக் காரணம் இருக்கிறது.

சிடியில் இருப்பது வெறும் எண்கள்தான். ஒரு வினாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என இரண்டு சேனல். ஃபிளாக் அந்த எண்களைச் சுருக்கி வைக்கிறது. திறக்கும்போது ஒரு பிட் கூட மாறாமல் அப்படியே திருப்பித் தருகிறது. எம்பி3 அப்படியல்ல. அது காதுக்குத் தெரியாது என்று கணித்து ஒரு பகுதியைத் தூக்கி எறிந்துவிடும். அது திரும்பக் கிடைக்காது.

பிளேயருக்கு ஒரு சங்கடம் உண்டு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே வட்டைப் படித்தாக வேண்டும். சின்னக் கீறல் என்றால் சிடியிலேயே இருக்கும் பிழைதிருத்த ஏற்பாடு அதைச் சரிசெய்துவிடும். அதையும் தாண்டினால் விடுபட்ட மாதிரியை அக்கம்பக்கத்து எண்களை வைத்து ஊகித்து நிரப்பும். அதுவும் முடியாதபோதுதான் உங்களுக்குத் திக்கல் கேட்கிறது. கணினிக்கு இந்த அவசரம் கிடையாது. சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அதனால் தேய்ந்த வட்டிலிருந்து நல்லபடியாக எடுத்த ஃபிளாக், அதே வட்டு பிளேயரில் ஓடுவதைவிடச் சுத்தமாகவே இருக்கும்.

இனி அவசரத்துக்கு வருவோம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. கடலோரத்தில் உப்புக்காற்று வேறு. சிடியில் ஒளியைத் திருப்பி அனுப்பும் அலுமினியப் படலம் கீழ்ப்பக்கத்தில் இல்லை. பெயர் அச்சிட்டிருக்கும் மேல்பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. மேல்பக்கக் கீறல்தான் அதிக ஆபத்து என்பதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. ஒரு சிடியை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தியதுபோல வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அங்கே படலம் போய்விட்டது. அப்படிப்பட்டவற்றை முதல் வரிசையில் வையுங்கள்.

அவற்றுக்கும் முன்னால் வில்லுப்பாட்டுச் சிடிகள். அவை பெரும்பாலும் எழுதக்கூடிய சிடியில் பதிவு செய்தவையாக இருக்கும். அந்த வகையில் பதிவு ஒரு சாயப் பூச்சில் இருக்கிறது. வெயிலும் சூடும் ஈரமும் அதைக் கெடுத்துவிடும். கச்சேரிச் சிடியைத் தேடினால் இன்னொரு பிரதி எங்காவது கிடைக்கலாம். உங்கள் ஊர்க் கொடையில் பாடிய அண்ணாவியின் குரலுக்கு வேறு பிரதி எங்கே தேடுவீர்கள்?

விண்டோஸ் லேப்டாப் என்றால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள் போதும், இலவசம்தான். சந்தேகமான இடத்தைத் திரும்பப் படிக்கும் செக்யூர் முறையில் வைத்து எடுங்கள். அக்யூரேட்ரிப் வசதியை இயக்கினால், அதே சிடியை உலகில் மற்றவர்கள் எடுத்த பிரதியோடு ஒப்பிட்டுச் சொல்லும். உள்ளூர்ப் பதிவுகள் அந்தப் பட்டியலில் இருக்காது. அவற்றுக்கு டெஸ்ட் அண்ட் காப்பி கொடுங்கள். இரண்டு முறை படித்து, படித்ததிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண் (சிஆர்சி) இரண்டும் ஒன்றா என்று பார்ப்பது அது. ஒன்றாக இருந்தால் நிம்மதியாக அடுத்த சிடிக்குப் போகலாம். சிடி ஒன்றுக்குச் சராசரியாக 400 எம்பி என்று வைத்தால், 300 சிடி 120 ஜிபிக்குள் அடங்கும். இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், ஒன்றை உறவினர் வீட்டில்.

ஒரே சிடியில் நூறு பாட்டு என்று விற்றார்களே, அவை எம்பி3. கணினியில் திறந்தால் சிடிஏ என்று முடியும் 1 கேபி கோப்புகள் தெரிந்தால் அது ஒலி சிடி. எம்பி3 என்றே தெரிந்தால் அப்படியே நகலெடுங்கள். ஃபிளாக்காக மாற்றினால் இடம்தான் வீண்.

கேட்கும் விஷயத்தில்தான் கணினி பெயரைக் கெடுத்துக்கொள்கிறது. லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வயர் இழுத்தால் ஒரு மெல்லிய இரைச்சல் கூடவே வரும். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றம் மின்சாரப் பக்கம். சில ஆயிரம் ரூபாயில் ஒரு யுஎஸ்பி டிஏசி வாங்குங்கள். பிளேயருக்குள் எண்களை ஒலியாக மாற்றிய அதே வேலையை அது வெளியிலிருந்து செய்யும். ஓசையில் வித்தியாசம் தெரிவது இங்கேதான். கோப்பா வட்டா என்பதில் இல்லை. டிஏசி போட்ட பிறகும் சார்ஜர் இரைச்சல் தொடர்ந்தால், கேட்கும் நேரத்தில் பேட்டரியில் ஓட்டுங்கள்.

அப்புறம், விண்டோஸ் தன் போக்கில் எல்லா ஒலியையும் 48,000 மாதிரிக்கு மாற்றி அனுப்பக்கூடும். பாட்டு ஓட்டும் ஃபூபார்2000 மென்பொருளில் அவுட்புட் பகுதிக்குப் போய், டிஏசியின் பெயரோடு எக்ஸ்க்ளூசிவ் என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தலையீடு இருக்காது. சத்தத்தை ஆம்ப்ளிஃபயரில் கூட்டிக் குறையுங்கள். ராகம் தானம் பல்லவி மூன்று டிராக்காகப் பிரிந்திருந்தாலும் இடையில் வெட்டு விழாமல் ஓடும்.

ஒரு இடத்தில் மட்டும் பிளேயர் பக்கம் நியாயம் இருக்கிறது. 1980களில் வந்த சில சிடிகளில் ப்ரீ-எம்ஃபசிஸ் என்று மேல்சுருதி ஒலிகளைத் தூக்கிப் பதிவு செய்திருப்பார்கள். பிளேயர் அதைத் தானாகக் குறைத்துவிடும், கணினி பெரும்பாலும் குறைக்காது. ஏதாவது பழைய சிடி கணினியில் மட்டும் கீச்சென்று கேட்டால் காரணம் இதுதான். அந்தக் கோப்புக்கு மட்டும், தூக்கியதைக் குறைக்கும் டீ-எம்ஃபசிஸ் கொடுத்தால் சரியாகிவிடும்.

பழைய பிளேயரை உடனே தூக்கிப் போட வேண்டாம். லென்ஸில் பூஞ்சையோ தூசியோ படிந்திருக்கலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால், அழுத்தாமல், ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். அதற்கும் திக்கினால் லேசர் தேய்ந்திருக்கும். அதற்குச் செலவழிக்கும் பணத்தை டிஏசிக்குப் போடுங்கள்.