கேளுங்கள், சொல்கிறேன்: ஜான் டாவெனரும் நம்ம ஊர் ஒத்தும்

பாலக்கோடு வாசகர்: இளையராஜா லண்டனில் சிம்பொனி அரங்கேற்றியதிலிருந்து மேற்கத்திய இசையைக் கேட்டுப் பழக வேண்டும் என்று ஆசை. பீத்தோவன், மொசார்ட் சரி, நம் காலத்து ஆள் யாராவது இங்கிலாந்தில் உண்டா?

யோசிக்காமல் சொல்வேன், இசையமைப்பாளர் ஜான் டாவெனர். 1944-ல் லண்டன் வெம்ப்ளியில் பிறந்தார், 2013-ல் காலமானார். அப்பாவுக்குக் கட்டடத் தொழில், கூடவே தேவாலயத்தில் ஆர்கனும் வாசிப்பார். மகன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் படித்தார்; கென்சிங்டனில் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கப் போய், அதைப் பல வருடம் விடவில்லை. 24 வயது முடிய இன்னும் சில நாள் இருக்கும்போது, 1968 ஜனவரியில், யோனாவைப் பெரிய மீன் விழுங்கிய கதையை வைத்து அவர் எழுதிய 'தி வேல்' (திமிங்கிலம்) அரங்கேறியது. லண்டன் சின்ஃபோனியேட்டா குழுவுக்கு அதுதான் முதல் கச்சேரி. அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். டாவெனரின் சகோதரர் அப்போது பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் வீட்டில் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்தார், அவர் மூலமாக விஷயம் ரிங்கோ காதுக்குப் போய், பீட்டில்ஸின் ஆப்பிள் இசை நிறுவனமே 1970-ல் அதை இசைத்தட்டாகப் போட்டது.

ஊத்தங்கரை வாசகி: டயானா இறுதிச் சடங்கில் எல்டன் ஜான் பாடியது எல்லோருக்கும் தெரியும். கடைசியில் பெட்டியைத் தூக்கிப் போகும்போது ஒரு பாட்டு வந்ததே, அது யாருடையது?

நான் மேலே சொன்ன அதே டாவெனருடையதுதான். பெயர் 'சாங் ஃபார் அதீன்'. ஆனால் டயானாவுக்காக எழுதியது இல்லை. குடும்ப நண்பரான அதீன் என்ற இளம்பெண் சைக்கிள் விபத்தில் இறந்துபோக, அவர் நினைவாக 1993-ல் எழுதினார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டிலிருந்தும் ஆர்த்தடாக்ஸ் என்ற கிழக்கத்தியக் கிறிஸ்தவப் பிரிவின் அடக்க ஜெபங்களிலிருந்தும் வரிகள் எடுத்துக் கோத்தது. நாலு வருடம் கழித்து, 1997 செப்டம்பர் 6 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலிருந்து பெட்டி வெளியே போகும்போது பாடினார்கள், உலகமே கேட்டது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அடிக்குரல் ஆண்கள் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்தால் பாட்டு முடிகிறவரை விடுவதில்லை. மற்ற குரல்கள் அதன் மேல்தான் ஏறுகின்றன, இறங்குகின்றன. டாவெனர் 1977-ல் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையில் சேர்ந்தவர், ஆர்த்தடாக்ஸ் சபைகளின் பழைய கிரேக்கப் பாட்டு மரபான பைசாந்தியப் பாட்டில் இந்த நிலைச்சுரத்துக்கு ஐசன் என்று பெயர். நமக்கு இது புதிதா என்ன? குமாரசாமிப்பேட்டைத் தைப்பூசத் தேருக்கு நாதஸ்வரம் வாசிக்கும்போது பக்கத்தில் ஒத்து ஊதுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் விரலுக்கு வேலையே இல்லை, கன்னம் உப்பி, மூக்கால் மூச்சை இழுத்து, வாயால் விட்டுக்கொண்டே இருப்பார், சத்தம் ஒரு நொடி அறாது. இப்போதெல்லாம் அந்த இடத்தில் மின்சாரச் சுருதிப்பெட்டியை வைத்துவிடுகிறார்கள், எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம். 'அவனுக்கு ஒத்து ஊதுறான்' என்று கேவலமாகப் பேசுகிறோமே, அந்த ஒத்து இல்லாவிட்டால் நாயனக்காரருக்கு நிற்க இடம் ஏது?

காவேரிப்பட்டணம் வாசகர்: நம்ம பக்கம் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். வெள்ளைக்காரர்களால் அப்படி உட்கார்ந்து கேட்க முடியுமா?

கேட்டிருக்கிறார்கள். 2003-ல் லண்டன் டெம்பிள் சர்ச்சில் டாவெனரின் 'தி வெய்ல் ஆஃப் தி டெம்பிள்' (கோயிலின் திரை) ஏழு மணி நேரம், ராத்திரி முழுக்கப் போனது. எட்டுச் சுற்று, சுற்றுக்குச் சுற்று சுருதி ஏறும். பல மொழி வரிகளில் சமஸ்கிருதமும் உண்டு, வாத்தியங்களில் நம் ஆர்மோனியமும் உண்டு. திரௌபதி அம்மன் கோயில் திடலில் பாயையும் போர்வையையும் போட்டு உட்கார்ந்து, நடுவில் கண்ணயர்ந்து, முகவீணை சத்தத்தில் விழித்து, விடியும்போது குளிரில் நடுங்கிக்கொண்டே எழுந்திருக்காமல் இருந்தவர்களுக்கு இந்த அளவு நீளம் ஏன் வேண்டும் என்று விளக்கவே வேண்டியதில்லை. அந்த நேரத்துக் காது வேறு காது.

அரூர் வாசகர்: அவர் நோயாளி என்று படித்தேனே?

ஆமாம். முப்பதுகளிலேயே பக்கவாதம், 1990-ல் உடம்பின் இணைப்புத் திசுக்களைப் பாதிக்கும் மார்ஃபன் என்ற பரம்பரை நோய் என்று தெரிந்தது, 2007-ல் மாரடைப்பு. அதற்கு நடுவில்தான் இவ்வளவும். 1989-ல் ஸ்டீவன் இசர்லிஸ், பெரிய வயலின் போன்ற செல்லோவில் வாசித்த 'தி புரொடெக்டிங் வெய்ல்' முக்கால் மணி நேரம் ஓடும், அதில் செல்லோ மாதாவின் குரலாக ஓயாமல் பாடிக்கொண்டே இருக்கும்.

பென்னாகரம் மாணவி: எங்கள் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறேன். இவரை எங்கே ஆரம்பிப்பது?

'தி லேம்', அதாவது ஆட்டுக்குட்டி. வில்லியம் பிளேக் கவிதைக்கு, தன் உடன்பிறந்தவர் மகனின் மூன்றாவது பிறந்தநாளுக்காக 1982-ல் போட்ட மெட்டு, சில நிமிடம்தான். முதல் வரியை உச்சக் குரலான சோப்ரானோ மட்டும் பாடும். கீபோர்டில் ஜி, பி, ஏ, எஃப் ஷார்ப், ஜி என்று வாசித்துப் பார். அடுத்த முறை அதே மெட்டோடு, அதற்கு அடுத்த கீழ்க்குரலான ஆல்ட்டோ சேரும், ஆனால் மேலே போன இடத்தில் அது அதே அளவு கீழே போகும்: ஜி, ஈ ஃபிளாட், எஃப், ஏ ஃபிளாட், ஜி. இரண்டையும் இரண்டு கையில் சேர்த்து வாசி. நடுவில் உரசும், பயந்து கையை எடுத்துவிடாதே. கடைசி ஜி-யில் இரண்டும் ஒன்றாக வந்து நிற்கும், அங்கே விரலைக் கொஞ்ச நேரம் வைத்திரு.